ஷிஃப்டுக்குப் பதில் பின்சாய்கோடு: சுவிட்சை மாற்ற வேண்டாம்

லேப்டாப்பிலிருந்து மெக்கானிக்கல் கீபோர்டுக்கு வந்ததும் இடது ஷிஃப்டுக்குப் பதில் பின்சாய்கோடு (\) விழுகிறது என்றால், தவறு விசைக்கு அடியிலுள்ள சுவிட்சில் இல்லை, விசை அமைப்பில்தான். நீங்கள் வாங்கியது ஐஎஸ்ஓ அமைப்பாக இருக்கும். அதில் இடது ஷிஃப்ட் குட்டையானது. அதற்கும் இசட்டுக்கும் நடுவே கூடுதலாக ஒரு விசை உண்டு. சுண்டுவிரல் பழைய இடத்துக்கே போய் அதை அழுத்திவிடுகிறது.

அந்த விசை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என்டர் விசை உயரமாக இருப்பதை மட்டும் வைத்து அது ஐஎஸ்ஓ என்று முடிவு செய்யாதீர்கள். அந்த விசை இருந்தால், விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் இலவச மென்பொருளான பவர்டாய்ஸை நிறுவி அதை இடது ஷிஃப்டாக மாற்றிவிடுங்கள்.

அழுத்தும்போது ஆழமாகத் தெரிவது வேறு விஷயம். இந்தச் சுவிட்சுகள் பொதுவாக 4 மி.மீ. வரை இறங்கும், லேப்டாப் விசைகள் பெரும்பாலும் அதில் பாதிகூட இறங்காது. அது சீக்கிரம் பழகிவிடும், இடம் மாறிய ஷிஃப்ட்தான் விரலை விடாமல் படுத்தும்.

ஒன்று: இந்த மாற்றம் அந்தக் கணினியில் மட்டுமே செல்லும்.