கேள்வி – பதில்: சிங்க் அணு செய்யும் வெட்டு வேலை

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, எழுதியவர்களுக்கே தெரியாமல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். புரதத்தை வெட்டும் சில நொதியங்களின் நடுவில் ஒரு சிங்க் அணு இருக்கிறது என்று டியூஷன் சேர் சொன்னார். அவ்வளவு பெரிய புரதத்துக்கு உலோகம் எதற்கு? அதிலும் ஏன் சிங்க்? இப்படி ஒன்று உடம்புக்குள் இருந்தால் நம் சதையையே வெட்டிவிடாதா?
– மாணவி, தலவாக்கலை

பதில்: சேர் சொன்னது சரிதான் மகள். பாடப்புத்தகத்தில் நாகம் என்று இருப்பதும் இதே சிங்க்தான்.

அமினோ அமிலங்களைக் கோத்து வைத்திருக்கும் பெப்தைட்டுப் பிணைப்பு லேசில் விடாது. நொதியம் இல்லாமல் வெறும் தண்ணீரில் விட்டால், அறை வெப்பநிலையில் அதில் பாதி உடையவே நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும். கடைசியில் உடைப்பதும் தண்ணீர்தான், ஆனால் அதற்குத் தனியாக அந்தத் தெம்பு கிடையாது. சிங்க் ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பிடித்து அதன் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுக்கிறது, பக்கத்தில் இருக்கும் குளுட்டாமிக் அமிலம் ஒரு புரோத்தனைக் கழற்றிக்கொள்கிறது, மிச்ச ஒட்சிசன் நேரே போய் பிணைப்பின் காபனைத் தாக்குகிறது. தாக்கிய கணத்தில் உருவாகும் நிலையற்ற வடிவத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அதே சிங்க். அப்புறம் அந்தப் புரோத்தன் நைதரசனிடம் போய்ச் சேர, சங்கிலி இரண்டாகிவிடும். திரிப்சின் மாதிரியான நொதியங்கள் வேறு வழியில் போகின்றன. அவை தங்களிடம் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தாலேயே தாக்கி, புரதத் துண்டோடு கொஞ்ச நேரம் ஒட்டிக்கிடந்துவிட்டுத்தான் விடுபடும்.

அமைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் தேர்மோலைசினை எடுத்துக்கொள்ளுங்கள். சூடு தாங்கும் ஒரு பக்டீரியாவின் நொதியம், 316 அமினோ அமிலம், இரண்டு பெரிய பகுதிகள், நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் அடியில் சிங்க் உட்கார்ந்திருக்கும். 142ஆவது, 146ஆவது இடங்களில் உள்ள ஹிஸ்டிடின்கள் இரண்டும் 166ஆவது குளுட்டாமிக் அமிலமும் அதைப் பிடித்திருக்க, நான்காவது கை தண்ணீருக்கு. புரோத்தன் வாங்கும் ஆள் 143இல். இந்த வரிசையை எச்-ஈ-எக்ஸ்-எக்ஸ்-எச் என்று எழுதுவார்கள், எச் என்றால் ஹிஸ்டிடின், ஈ என்றால் குளுட்டாமிக் அமிலம், எக்ஸ் எந்த அமினோ அமிலமாகவும் இருக்கலாம். பக்டீரியா, பாம்பு, மனிதன் என்று எங்கே தேடினாலும் இது அகப்படுவதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. தேர்மோலைசினில் நான்கு கல்சியமும் உண்டு. அவற்றுக்கு வெட்டு வேலை இல்லை, சூட்டில் நொதியம் குலையாமல் பார்த்துக்கொள்கின்றன.

ஏன் சிங்க்? இரும்பும் செம்பும் இலத்திரனைக் கொடுத்து வாங்கி ஏற்றத்தை மாற்றிக்கொள்ளும், அதனால் வேண்டாத தாக்கங்களும் வரும். சிங்க் எப்போதும் இரண்டு நேரேற்றத்தோடு இருக்கும், அதோடு நான்கு கை, ஐந்து கை என்று பிடியை மாற்றவும் சிரமப்படாது. ஆனாலும் ஆய்வுகூடத்தில் சிங்கை எடுத்துவிட்டு கோபால்ட்டை வைத்தால் தேர்மோலைசின் வேலை செய்யத்தான் செய்கிறது, அதனால் வேறெதுவும் முடியாது என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.

சதையை வெட்டாதா என்றால், வெட்டும். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் கரைவது அப்படித்தான், அந்த வாலிலிருந்துதான் 1962இல் குரொஸ், லாபியேர் என்ற இருவர், திசுக்களைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை வெட்டும் நொதியத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பத்தில் மனிதனுக்கு இருபதுக்கு மேல் உண்டு. காயம் ஆறுவதற்கும் குழந்தை கருவில் வளர்வதற்கும் அவை வேண்டும். உருவாகும்போதே நொதியத்தின் நுனித் துண்டில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் தன் கந்தகத்தால் சிங்கைப் பிடித்துத் தண்ணீரின் இடத்தை அடைத்துவிடும், கவ்வாத்துக் கத்தியை உறையில் போட்டுக் கொடுத்த மாதிரி. அந்தத் துண்டு விலகினால்தான் நொதியம் வேலைக்கு வரும். மூட்டு வாதத்திலும் புற்றுநோயிலும் இந்தக் கட்டுப்பாடுதான் தளர்ந்துபோகிறது.

கேள்வி: அம்மாவுக்குப் பிரஷருக்கு எனலாப்ரில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து சளியே இல்லாத வறட்டு இருமல், இராத்திரி தூக்கமில்லை. பனிதான் காரணம் என்கிறார்கள் பக்கத்து லயத்தில்.
– மஸ்கெலியா வாசகர்

பதில்: மஸ்கெலியாப் பனியின் மேல் பழி போடுவது எளிது, ஆனால் குளிசையையும் சந்தேகப்படுங்கள் தம்பி. நம் இரத்தக்குழாய்ச் சுவரில் ஏசிஈ என்று ஒரு சிங்க் நொதியம் இருக்கிறது. பத்து அமினோ அமிலம் கொண்ட அஞ்சியோடென்சின் ஒன்றின் நுனியில் இரண்டை வெட்டி எட்டாக்கினால், குழாயை இறுக்கிப் பிரஷரை ஏற்றும் பொருள் கிடைக்கும். எனலாப்ரில் உடம்பில் மாற்றமடைந்து அந்தச் சிங்கைப் பிடித்துக்கொண்டு வெட்டை நிறுத்துகிறது. சிக்கல் என்னவென்றால், குழாயைத் தளர்த்தும் பிரடிகினின் என்ற இன்னொன்றை அழிப்பதும் இதே நொதியம்தான். அது அழியாமல் சேர்ந்தால் சிலருக்கு இந்த இருமல் வரும்.

இந்த மருந்து வகையின் கதை பிரேசில் நாட்டு ஜராரக்கா விரியனின் விஷத்தில் தொடங்குகிறது. 1960களில் செர்ஜியோ ஃபெரைரா என்ற ஆய்வாளர் அந்த விஷத்தில் பிரடிகினினின் வேலையைக் கூட்டும் பொருளைக் கண்டார், அது ஏசிஈயைத் தடுப்பதால்தான் அப்படி. பின்னர் குஷ்மன், ஒண்டெட்டி என்ற இரு ஆய்வாளர்கள், ஏசிஈயின் வடிவமே தெரியாத காலத்தில், சதையியில் சுரக்கும் கார்பொக்சிபெப்டிடேஸ் ஏ என்ற வேறொரு சிங்க் நொதியத்தின் படத்தை வைத்து ஊகித்தே இந்த வகையைச் சேர்ந்த கெப்டோப்ரில் என்ற மருந்தை வடிவமைத்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது, ஏசிஈயின் உண்மையான வடிவம் வெளியானதோ 2003இல்தான்!

அம்மா குளிசையைத் தானாக நிறுத்த வேண்டாம். கிளினிக்கில் இருமலைச் சொல்லுங்கள். லொசார்டன் போன்ற வேறு வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேள்வி: கொழுந்து எடுக்கும்போது தங்கச்சியைச் சின்ன விரியன் கடித்தது. பல் பட்டது இத்தனூண்டு இடம், ஆனால் கை முழங்கை வரை வீங்கிக் கொப்பளம் போட்டு இரத்தம் கசிந்தது. எப்படி?
– நோர்வூட் வாசகி

பதில்: விரியன் விஷத்தில் சிங்க் நொதியம் தாராளமாக உண்டு. நுண்குழாய்களைத் தாங்கும் மெல்லிய படையில் உள்ள கொலாஜனை அது அறுத்துவிடுவதால், குழாய் வெடித்து இரத்தம் திசுவுக்குள் இறங்குகிறது. சில நொதியங்கள் இரத்தம் உறைவதையும் குழப்பும். கண்ணாடி விரியனின் விஷத்தில் உள்ள ஒன்று, பத்தாம் உறைவுக் காரணியை வெட்டியே தூண்டிவிடும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்த்திருப்பார்களே, அது இதற்காகத்தான். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

தேயிலைக்குள் கடிக்கும் சின்ன விரியன் பெரும்பாலும் மூக்கு மேலே தூக்கிய, சிங்களத்தில் குணகடுவா என்னும் வகை. இந்தியாவிலிருந்து வரும் விஷமுறி ஊசி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குத்தான், இதற்குக் கேட்காது. அதனால்தான் "ஊசி போடவில்லை" என்று வைத்தியரோடு சண்டை பிடிக்க வேண்டாம் என்கிறேன். சிறுநீரகத்தைக் கவனித்துப் பார்ப்பதே அங்கே முக்கிய வைத்தியம். கயிறு கட்டுவது, பிளேட்டால் கீறுவது, இரண்டும் கூடவே கூடாது.

உலோக நஞ்சுக்குக் கொடுக்கும் டிஎம்பிஎஸ் என்ற பழைய மருந்து, சிங்கைப் பறித்து இந்த நொதியங்களை முடக்குகிறது. ஆபிரிக்கச் சுருட்டை விரியனின் விஷம் ஏற்றிய எலிகளை அது காப்பாற்றியதாக லிவர்பூல் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். எலி பிழைத்தது என்பதற்காக நாளைக்கே நம்ம வார்டுக்கு வந்துவிடாது.

கேள்வி: தேயிலைக்குச் சிங்க் சல்பேட் அடித்தால் தளிர் நன்றாக வருகிறது. நாமும் சிங்க் குளிசை குடித்தால் இறைச்சி சீக்கிரம் செரிக்குமா?
– இராகலை வாசகர்

பதில்: செரிக்காது. இரைப்பையின் பெப்சினுக்குச் சிங்க் வேண்டியதில்லை. சதையியின் நொதியத்துக்கு வேண்டியது நீங்கள் சொல்லும் அந்த இறைச்சியிலேயே இருக்கிறது. மூன்று வேளையும் கோதுமை ரொட்டிதான் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம், மாவில் உள்ள பைட்டேட் சிங்கை உடம்பில் சேரவிடாது. பருப்பும் நெத்தலியும் கூடச் சேருங்கள். வயிற்றோட்டம் வந்த சின்னப் பிள்ளைக்கு ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலோடு 10 முதல் 14 நாள் சிங்க் கொடுக்கச் சொல்வது வேறு விஷயம், அளவை வைத்தியர் சொல்வார். பெரியவர்கள் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் செம்பு குறைந்து இரத்தசோகைதான் மிஞ்சும். தேயிலைக்கு வாங்கியது தேயிலைக்கே போகட்டும்.