வாசகர் கேள்வி-பதில்: அம்மாவின் ஏர் பெட் இனி யாருக்கு?

கேள்வி: பக்கவாதத்தில் மூன்று ஆண்டு படுக்கையில் இருந்த அம்மா போன மாசியில் தவறிவிட்டார். ஏர் பெட், சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர், மீந்த மாத்திரைகள் எல்லாம் வீட்டில் கிடக்கின்றன. இல்லாதவர்களுக்குத் தரலாமா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: மாத்திரைகளைத் தவிர மற்றவற்றைத் தரலாம். ஆனால் தானமாக வேண்டாம், இரவலாகக் கொடுங்கள். தானமாகப் போன கட்டில் அடுத்த வீட்டுப் பரணில்தான் முடங்கும். ஒவ்வொரு பொருளிலும் பெயின்ட்டில் ஓர் எண் எழுதி, வாங்கியவர் முகவரி, இரண்டு கைபேசி எண்கள், தேதி ஆகியவற்றை நோட்டில் குறியுங்கள். மாதம் ஒருமுறை விசாரியுங்கள். அந்த வீட்டில் இறப்பு நேர்ந்தால், காரியம் முடியும்வரை பொருளைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

ஏர் பெட்டை (படுக்கைப் புண் வராமலிருக்கப் பம்ப் காற்றடிக்கும் மெத்தை) ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். அதன் காற்று அறைகள் மாறி மாறி உப்பி இறங்க வேண்டும். காற்று கசிந்தால் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பி.வி.சி. மெத்தையில் சைக்கிள் பஞ்சர் ஒட்டு நிற்காது, பி.வி.சி. பசைதான் பிடிக்கும். சாதா மெத்தைக்கு மேல் ஏர் பெட்டை விரித்து, அதன்மேல் மெல்லிய விரிப்பு ஒன்றே ஒன்று போடச் சொல்லுங்கள். ரப்பர் ஷீட், போர்வை என்று அடுக்கினால் காற்று அறைகளால் பயனில்லை. நோயாளி படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். உங்கள் கைக்கும் அவர் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும்.

ஏர் பெட்டையும் நாற்காலியையும் சோப்புத் தண்ணீரில் துடைத்த பிறகு, 5 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து துடைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் துடைக்காவிட்டால் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். இந்தக் கலவையோடு கழிவறை ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த கான்சன்ட்ரேட்டரை (அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம்) அப்படியே கொடுத்துவிடாதீர்கள். உள்ளேயிருக்கும் சியோலைட் (நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் மணிகள்) ஈரத்தை இழுத்துக்கொண்டால் இயந்திரம் ஓடும், வரும் காற்றில் போதிய ஆக்ஸிஜன் இருக்காது. மெக்கானிக்கை அழைத்து மீட்டரில் அளந்து பாருங்கள், 90 சதவீத அளவில் காட்ட வேண்டும். மூக்குக் குழாயும் ஈரப்பத பாட்டிலும் ஆளுக்கு ஆள் புதிது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வைப்பது என்பது டாக்டர் முடிவு. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்குக் கூடுதலாக வைத்தால் உயிருக்கே ஆபத்து.

மீந்த மாத்திரை எதையும் அடுத்தவருக்குத் தராதீர்கள். மார்ஃபின் இருந்தால் கொடுத்த மருத்துவமனையிலேயே ஒப்படைத்து எழுதி வாங்குங்கள். அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்து.

கேள்வி: கேரளத்தில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை ஊர்க்காரர்களே வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்களாமே, இங்கே எப்படித் தொடங்குவது?
— வாசகர், ஓசூர்

பதில்: 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கியது அந்த முயற்சி. 1999 முதல் மலப்புறத்தில் ஊர்க்குழுக்களாகப் பரவியது, 2008-ல் கேரள அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்களைச் சேர்த்து, 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் கொடுத்தார்கள். இவர்களில் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு சிறுநீர் ட்யூப் அடைத்துக்கொண்டால் எப்படியிருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் முதலில் தேட வேண்டியது நன்கொடையாளரை அல்ல, ஒரு நர்ஸை. பணி ஓய்வு பெற்றவரானாலும் சரி. தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் (தீராத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் கவனிப்பு) உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, அவர்கள் போகும் வீடுகளுக்கு உங்கள் ஆட்களையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஐந்தாறு பேர், வாரம் ஒரு நாள், ஒரு ஆட்டோ. தொடங்க இது போதும்.

குழு கெடுவது பெரும்பாலும் வாயால்தான். "எங்கம்மாவுக்கு இந்த மருந்து கேட்டுச்சு" என்று ஒருவர் சொன்னால் அந்த வீட்டில் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடுவார்கள். ட்யூப் மாற்றுவது, மருந்து சொல்வது நர்ஸுக்கும் டாக்டருக்கும் உரியவை. குளிப்பாட்ட உதவுவது, திருப்பிப் படுக்கவைக்கக் கற்றுத்தருவது, உதவித்தொகை மனு எழுதுவது, வீட்டுக்காரர் இரண்டு மணி நேரம் வெளியே போய்வரும்வரை நோயாளியோடு இருப்பது உங்கள் வேலை. கடைசியாகச் சொன்னதைத்தான் பல வீடுகள் தவித்துக் கேட்கும். போட்டோ எடுக்காதீர்கள்.

கேள்வி: நர்ஸ் அல்லாதவர்கள் படுக்கைப் புண்ணைத் தடுக்க முடியுமா?
— வாசகி, பழனி

பதில்: முடியும். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். நேர் குத்தாக ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் பாருங்கள். தலைப்பக்கத்தை வெகுநேரம் உயர்த்தி வைத்தால் உடம்பு கீழே வழுக்கி, வால் எலும்புப் பக்கம் தோல் உரியும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையம் வேண்டாம், சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான் தொடக்கம். அங்கே தேய்த்துவிடாதீர்கள், அழுத்தத்தை எடுங்கள். புண் வாடையடித்தால் நர்ஸிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்துண்டு. ஊதுபத்தி தீர்வல்ல.

கேள்வி: மனைவி புற்றுநோயில் இறந்து நான்கு மாதம். நானும் வீடுகளுக்குப் போகலாமா?
— வாசகர், சேலம்

பதில்: நோயாளிகளின் வீட்டுக்கு இப்போது வேண்டாம். ஓராண்டு போகட்டும் என்பதே பல குழுக்களின் வழக்கம். அங்கே அழவேண்டிய முறை அவர்களுடையது. இப்போதைக்கு இரவல் நோட்டையும் ஆட்டோ ஏற்பாட்டையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்படியொரு குழுவுக்குப் பதிவு கட்டாயமா? அமெரிக்காவில் இருக்கும் தம்பி பணம் தருவதாகச் சொல்கிறார்.
— வாசகி, காரைக்குடி

பதில்: சொந்தப் பொருளை இரவல் தர பதிவு வேண்டாம். பொதுமக்களிடம் பணம் வாங்குவதானால் பதிவு செய்துகொள்வது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் குறைந்தது ஏழு பேர் தேவை. தம்பி இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரலாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் அமைப்பின் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. முதலில் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்.