உங்கட லோயர் போதைத்தூள் கேஸ்காரனுக்கு ஆஜராகினா, காணி கேஸ அவர்ட்ட இருந்து எடுக்கணுமா?

உவர்மலையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. அம்மாட காணிக்குப் பங்கு பிரிப்பு வழக்கு நடக்குது, அவட லோயர் போன மாசம் தூளோட பிடிபட்ட ஒருத்தனுக்குப் பிணை கேட்டு எழும்பினாராம், ஊரே கதைக்குது, ஆள மாத்தவா எண்டு.

அதுக்காக மாத்த வேணாம் தங்கச்சி. குற்றம் சாட்டப்பட்ட எவனுக்கும் லோயர் வச்சுப் பேச உரிமை இருக்கு எண்டு அரசியலமைப்பு 13ஆம் உறுப்புரையிலயே கிடக்கு. உயர் நீதிமன்றம் 1988இல லோயர்மாருக்குப் போட்ட நடத்தை விதிகளும் சும்மா கட்சிக்காரரத் திருப்பி அனுப்ப விடாது. 1979இல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்துல எங்கட பொடியன்மார அள்ளிக்கொண்டு போகக்குள்ள, "புலிக்கு வக்காலத்தா" எண்டு கேக்கிற சனத்துக்கு முன்னால எழும்பின லோயர்மார நாம இண்டைக்கும் மதிக்கிறம்தானே. அண்டைக்கு ஒரு ஞாயம், தூள் கேஸுக்கு வேற ஞாயமா?

ஒண்ட மட்டும் விசாரிங்க. தூளோட பிடிபட்ட அந்த ஆள் உங்கட காணி கேஸோட சம்பந்தப்பட்டவனா? அதே காணியில பங்கு கேக்கிற மாமாட மகன் எண்டு வைங்க, அப்ப உங்கட கதையும் அவன்ட கதையும் ஒரே லோயர்ட காதுலதான் போகுது, அவர் நல்ல மனுசனா இருந்தாலும் ஒருத்தருக்காகப் பேசினா மற்றவர்ட ரகசியம் இடிக்கும். அது கூடாது, நேர கேளுங்க, கேக்க வெக்கப்படாதீங்க. ஆளப் பிடிக்கல எண்டுறது வேற, ஒரே காணிக்கு ரெண்டு பக்கமும் நிக்கிறது வேற.

எனக்குப் பயம் உங்கட லோயர்ல இல்ல, கோர்ட் வாசல்ல நிக்கிற புரோக்கர்மாரில. இப்பிடி ஒரு கதை கிளம்பினா அவனுகளுக்குக் கொண்டாட்டம். "அந்தாள் சரியில்ல அக்கா, கொழும்புல பெரிய லோயர் இருக்காரு" எண்டு சொல்லி ஒண்டும் நிரப்பாத புரொக்சியில (உங்களுக்காக ஆஜராக லோயருக்கு நீங்க குடுக்கிற அதிகாரப் பத்திரம்) கையெழுத்து வாங்கி, காணி உறுதிட மூலப்பிரதியயும் வாங்கிக்கொண்டு போயிருவான், பிறகு போன் எடுக்கவே மாட்டான். சிவில் கேஸ்ல பழைய புரொக்சிய கோர்ட்ட அனுமதி எடுத்து ரத்துச் செய்யாம புதுசு போட ஏலாது எண்டு அவன் வாயே திறக்க மாட்டான், அதுக்கே ரெண்டு மூணு தவணை போகும். ஏற்கனவே தாத்தா போட்ட கேஸுக்குப் பேரன் தீர்ப்புக் கேக்கிற நாடு இது, அதுல நீங்களும் சேந்து இழுக்கவா?

மாத்தத்தான் வேணும் எண்டா அதுக்குக் காரணம் வேற இருக்கு. தவணைக்கு வராம விடுறாரா, கேஸ் எந்த நிலையில எண்டு கேட்டா மழுப்புறாரா, காசுக்குத் துண்டு தாறாரில்லையா, அதப் பாருங்க. அடுத்த தவணைக்கு நீங்களே போய் கோர்ட்டுக்குள்ள இருந்து பாருங்க, உறுதிய மட்டும் வீட்டுல வச்சிட்டுப் போங்க.