நகர வழக்கறிஞர்களின் அமைப்பு எந்த வழக்கில் துணைக்கு வரும்?

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு சிறு நகரத்தின் சட்ட அலுவலகத்தில் உதவி வழக்கறிஞராகப் பணியாற்றுகிறேன். மேலெழும்பிய நடைபாதைப் பலகத்தில் ஒருவர் தடுக்கி விழுந்த வழக்கில் எங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்து, மேல்முறையீடு செய்திருக்கிறோம். நகர வழக்கறிஞர்களின் அமைப்பு எங்களை ஆதரித்து அமிகஸ் வாதவுரை (வழக்கில் தரப்பினராக இல்லாதவர் நீதிமன்றத்துக்கு உதவியாக அளிக்கும் வாதவுரை) தாக்கல் செய்யுமா? எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்?

பதில்: இவ்வழக்கின் சட்டக் கேள்விக்குக் கிடைக்கப்போகும் விடை, வழக்கில் தொடர்பில்லாத நகரங்களையும் பாதிக்குமா என்பதுதான் அவர்களுடைய முதல் அளவுகோல், உங்கள் நகரத்துக்கு அநீதி நேர்ந்ததா என்பது அதற்குப் பின்னரே வரும். அம்மாநில நகரங்களின் கூட்டமைப்பான கலிபோர்னியா நகரங்களின் லீக்கில் இந்தக் கோரிக்கைகளைப் பரிசீலிப்பது நகர வழக்கறிஞர்களே உறுப்பினர்களாக உள்ள சட்டக் குழு. உங்களைப் போன்ற அலுவலகங்களை நடத்துபவர்களுக்கு உங்கள் இழப்பு நன்றாகவே புரியும். ஆனால் இழப்பு மட்டும் அவர்களை எழுதத் தூண்டாது.

உங்கள் வழக்கையே எடுத்துக்கொள்வோம். அற்பமான குறைபாட்டுக்கு நகரம் பொறுப்பல்ல என்பது அம்மாநில அரசுச் சட்டத் தொகுப்பின் 830.2ஆம் பிரிவு. பலகம் எவ்வளவு உயர்ந்திருந்தது, வெளிச்சம் போதுமானதாக இருந்ததா என்பவற்றை நடுவர் குழு தவறாக எடைபோட்டுவிட்டது என்பதே உங்கள் முறையீடு என்றால், அது உங்கள் ஊரின் விவகாரம். ஆதரவு கிடைப்பது கடினம். மாறாக, எது அற்பம் என்பதை நீதிபதியே சட்டக் கேள்வியாகத் தீர்க்கலாமா என்பதில் விசாரணை நீதிமன்றம் புதிய அளவுகோலைப் புகுத்தியிருந்தால், நடைபாதை வைத்திருக்கும் ஒவ்வொரு நகரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

கேள்வி பெரிதாக இருந்தாலும் வழக்கு அதைத் தாங்க வேண்டும். அரிசோனாவின் கில்பர்ட் நகரம், தேவாலய ஆராதனைக்கு வழிகாட்டும் தற்காலிகப் பலகைகளை 6 சதுர அடிக்குள் அடக்கிவிட்டு, அரசியல் பலகைகளுக்கு 32 சதுர அடி வரை இடம் கொடுத்திருந்தது. 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் நகரத்துக்கு எதிராக முடிவெடுத்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பு வகுத்த கடுமையான விதி, நாடெங்கும் பல ஊர்களின் விளம்பரப் பலகை விதிகளைக் கேள்விக்குள்ளாக்கியது. பலவீனமான உண்மைகளின் மேல் நின்று வாதாடி எல்லோருக்கும் கெட்ட முன்னுதாரணம் வாங்கித் தரும் அபாயத்தைக் குழு கட்டாயம் எண்ணிப் பார்க்கும். ஆகவே உங்கள் கோப்பில் பலவீனம் இருந்தால் கோரிக்கையிலேயே சொல்லிவிடுங்கள். குழு அதை எதிர்த்தரப்பின் வாதவுரையிலிருந்து அறிந்துகொள்வது உங்களுக்கு நல்லதல்ல.

அடுத்து, வழக்கின் தரப்பினர் சொல்லாத எதை நாம் சொல்லப்போகிறோம் என்று குழு தன்னையே கேட்டுக்கொள்ளும். உங்கள் வாதத்தைத் திரும்பச் சொல்லும் அமிகஸ் நீதிமன்றத்துக்குச் சுமைதான். பழைய நடைபாதைகளை நகரங்கள் எப்படி ஆய்வு செய்கின்றன, பழுதுபார்ப்பை எந்த வரிசையில் செய்கின்றன என்ற நடைமுறை விளக்கத்துக்கு உங்கள் வாதவுரையில் இடமிருக்காது. அமைப்பு பயனுள்ளதாக எழுதக்கூடியது அதைத்தான்.

கால அவகாசம் மிகக் குறைவு. கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், மேல்முறையீட்டாளரின் இறுதிப் பதிலுரை தாக்கலான 14 நாட்களுக்குள் அமிகஸ் அனுமதி விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதற்குள் குழு படித்து, முடிவெடுத்து, எழுத முன்வரும் வழக்கறிஞரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே உங்கள் முதல் வாதவுரையை எழுதும்போதே கோரிக்கையை அனுப்புங்கள். சட்டக் கேள்வியை ஓரிரு வாக்கியங்களில் எழுதி, கீழ்நீதிமன்ற ஆணை, வாதவுரைகள், கெடு தேதி ஆகியவற்றை இணையுங்கள். வரைவை மட்டும் நீங்கள் எழுதித் தராதீர்கள்: வழக்கின் தரப்பினர் வாதவுரையை எழுதினாலோ அதற்குப் பணம் கொடுத்தாலோ விண்ணப்பத்தில் அதை வெளிப்படுத்தியாக வேண்டும், அப்போது அதன் மதிப்பு போய்விடும்.

குழு மறுத்து, நீங்களும் தோற்று, தீர்ப்பு முன்னுதாரணமாக வெளியிடப்பட்டால், மீண்டும் அணுகத் தயங்காதீர்கள். அத்தீர்ப்பின் வெளியீட்டை நீக்கி, அதை முன்னுதாரணமாகக் காட்ட முடியாதபடி செய்யக் கோரி, அது இறுதியான 30 நாட்களுக்குள் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு எவரும் கடிதம் எழுதலாம். முழு வாதவுரைக்கு மறுத்த குழு, இந்தச் சிறு கடிதத்துக்கு இசைய இடமுண்டு. ஏனெனில் அதற்குள் அந்தத் தீர்ப்பு மற்ற நகரங்களின் வாசலுக்கும் வந்திருக்கும்.