‘வேற எங்க இன்டர்வியூ போறீங்க?’ – கன்சல்டன்சி கேட்டால் என்ன சொல்வது

கடலூர் சிப்காட்டில் க்யூசி (தரப் பரிசோதனை) கெமிஸ்ட்டாக இருக்கிறீர்கள், புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் இரண்டு ரவுண்ட் முடிந்துவிட்டது, இப்போது வேறொரு கம்பெனிக்கு (அவர்கள் ‘கிளையன்ட்’) ஆள் தேடும் கன்சல்டன்சியிலிருந்து பேசுகிறவர் அந்தக் கம்பெனி பேரைக் கேட்டுக் குடைகிறார். இதுதானே சிக்கல்?

பேரைச் சொல்லாதீர்கள். அங்கே வேகன்சி இருப்பது தெரிந்தால், அதே இடத்துக்கு வேறு நாலு பேர் ரெஸ்யூமை அவரே அனுப்பலாம். ஆள் சேர்ந்தால்தான் அவருக்குக் கமிஷன், பெரும்பாலும் வருடச் சம்பளத்தில் ஒரு பங்கு. அவர் பிழைப்பு அது, கோபப்பட ஒன்றுமில்லை.

அதற்காக ‘எங்கேயும் போகலை’ என்று பொய்யும் வேண்டாம். அடுத்த வாரமே ஆஃபர் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நிலவரத்தை மட்டும் சொல்லுங்கள்: “ஒரு இடத்துல ரெண்டு ரவுண்ட் முடிஞ்சிருக்கு மேடம், பத்து நாள்ல தெரிஞ்சிடும். பேர் இப்ப சொல்ல முடியாது. உங்க கிளையன்ட் எப்போ முடிவு பண்ணுவாங்க?” அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவருக்கு உண்மையில் தேவைப்படுவது தேதிதான். அது கிடைத்ததும் பெரும்பாலும் பேரை விட்டுவிடுவார்.

ஒரே ஒரு விலக்கு. அவருடைய கிளையன்டும் அதே சேதராப்பட்டுக் கம்பெனியாக இருந்தால்? இரண்டு வழியாக ஒரே ரெஸ்யூம் போனால் கமிஷன் யாருக்கு என்று தகராறு வரும். அந்தத் தலைவலி வேண்டாமென்று ஹெச்ஆர் உங்களையே ஒதுக்கிவிடலாம். அதனால் முதலில் அவரைக் கிளையன்ட் பேரைச் சொல்லவிடுங்கள். அதே கம்பெனி என்றால், “ஏற்கனவே அப்ளை பண்ணிட்டேன், அனுப்பாதீங்க” என்று வாட்ஸப்பில் எழுத்தாகவே போட்டுவிடுங்கள்.

கையில் இல்லாத ஆஃபரை மட்டும் இருப்பதாகச் சொல்லாதீர்கள், லெட்டரைக் கேட்பார்கள்.