விட்ட குறை, தொட்ட குறை

கேள்வி: புதுச்சேரியில் இளைஞர்கள் போதைக்கு அடிமையாகி, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். சிகிச்சைக்கு அனுப்பினாலும் திரும்பி வந்து அதையே தொடுகிறார்கள். பெற்றோர் கண்டித்து வளர்க்காததுதானே காரணம்?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: முதலில் ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் சீட்டைத் தூக்கிச் சாராய பாட்டில் தேடுவது பாண்டிக்காரன் வண்டியில் அல்ல. பாண்டிக்கு வந்துவிட்டு வீடு திரும்பும் உங்கள் ஊர்க்காரர் வண்டியில். (எங்கள் கலால் வருமானத்தில் உங்கள் பங்குக்கு நன்றி.)

சரி, 'அடிமை' என்கிறீர்கள். பாண்டிச்சேரியில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் துறைமுகத்திலிருந்து நிஜ அடிமைகளையே மொரீஷியசுக்கும் ரீயூனியன் தீவுக்கும் கப்பல் ஏற்றினார்கள். 1794-இல் பிரான்சுக்குப் புத்தி வந்து அடிமை முறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதை மறுபடி கொண்டுவந்தார். முழுசாகக் கைகழுவ 1848 ஆயிற்று. சுதந்திரம், சமத்துவம் என்று முழங்கிய தேசமே விட்டதை எட்டே வருஷத்தில் தொட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் பழக்கத்தை விட்ட இருபத்தோராம் நாள் தொட்டால் மட்டும் வளர்ப்பு சரியில்லை. பிரான்சை வளர்த்தது யார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீடு. மகனுக்கு இருபது வயசு. வலி மாத்திரையை ஊசியாக ஏற்றிக்கொள்கிற பழக்கம். கத்திரி வெயிலில் முழுக்கைச் சட்டையோடு திரிந்தான். ஏன் என்று அம்மாவுக்கு உறைக்கவே இரண்டு மாசம் ஆனது. அப்புறம் குளியலறைத் தாழ்ப்பாளை அவரே ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கழற்றினார். இப்போது அந்த வீட்டில் காலேஜ் போகும் தங்கை குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே அம்மா காவல் நிற்கிறார். கண்டிக்கவில்லையாம்! அடித்தார்கள், அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள், திருவந்திபுரம் கூட்டிப்போய் மொட்டையும் போட்டார்கள். முடி வளர்ந்துவிட்டது.

நிறுத்திய மறுநாளே கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் வலி. அது கொழுப்பு இல்லை. ஓபியாய்டுக்கு (அபின் வகை மருந்துக்கு) பழகிப்போன உடம்பு கேட்கிறது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில வாரம் விட்டிருந்தவன் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சே நின்றுபோகலாம். உடம்பு அதற்குள் அந்தத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். அதனால் மறுபடி தொட்டவனை வாசலுக்கு வெளியே தள்ளாதீர்கள். கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு மறுபடி கூட்டிப் போங்கள்.

ஊர் என்ன செய்கிறது என்றால், ஜூன் 26, உலகப் போதை ஒழிப்பு தினம் வந்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொப்பி மாட்டிக் கடற்கரைச் சாலையில் நடக்க விடுகிறது. கடைசியாக நான் பார்த்த ஊர்வலத்தின் பேனரில் 'போதை பொருளை ஒழிப்போம்' என்றிருந்தது. பொருள் அப்படியே இருக்கிறது, நடுவிலிருந்த 'ப்'பைத்தான் ஒழித்திருந்தார்கள். 'ஒற்று முக்கியமா, கருத்து முக்கியமா' என்று ஆறு வருஷமாக என்னோடு மல்லுக்கட்டும் லாஸ்பேட்டை அன்பர் இதற்கும் எழுதுவார். எழுதட்டும். கருத்தையும்தான் பார்த்தேன். தானாகச் சிகிச்சைக்கு வந்து அதை முடிக்கிற பயன்பாட்டாளர் மீது வழக்கு நடத்தாமல் விட, 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத வீடுகளுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். ஒரு கோஷத்திலும் அது இல்லை. பிள்ளைகள் கையில் கொடுத்த துண்டுச்சீட்டில் பிரமுகர் படங்கள் ஏழு. உதவிக்குக் கூப்பிட ஒரு நம்பர் கிடையாது.

நம்பர் 14446. காசு பிடிக்காது. கடலூரிலிருந்தும் கூப்பிடலாம்.