தூண் என்ன வேலை செய்கிறது?

கேள்வி: பிலிப்பைன்ஸ் மக்கள் தந்தையை 'வீட்டின் தூண்' என்றும் தாயை 'வீட்டின் விளக்கு' என்றும் சொல்கிறார்களாமே? அவர்கள் மொழியில் தந்தைக்கு 'அமா' என்று பெயராம். தமிழ் அங்கே போனதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: மாங்காய் போதாதா? பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் மாம்பழத்துக்கு 'மங்கா' என்று பெயர். மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்த நம் மாங்காய்தான் அது. அதற்குமேல் அவர்களுடைய அப்பாவையும் ஏன் கேட்கிறீர்கள்? தந்தைக்கு 'அமா', தாய்க்கு 'இனா' என்பவை தைவான் தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை பரவிக் கிடக்கும் ஆஸ்திரோனீசிய மொழிக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து. நமக்கு அதில் பங்கு இல்லை. பல் முளைக்காத குழந்தை வாயைத் திறந்து மூடும்போது வருகிற ஒலியை, ஆளுக்கு ஆள் 'என்னைத்தான் கூப்பிடுகிறது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். காக்கேசிய மலைப்பகுதியில் பேசப்படும் ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை. இதை அச்சில் சொல்லவே பயமாக இருக்கிறது. தாய்மாமன் சீர் காக்கேசிய மலையடிவாரத்தில் தொடங்கியது என்று அடுத்த வாரமே பதினாறு பக்கக் கட்டுரை வந்து சேரும். இப்படிப்பட்ட கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியே மூன்று சந்தாதாரர்களை இழந்திருக்கிறேன். ஒருவர் இன்னும் கடிதத்தில் என்னைத் 'தமிழ்ப்பகைவரே' என்றுதான் விளிக்கிறார். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

என்னை நிறுத்தியது 'தூண்'. எங்கள் அலுவலகத்தின் நட்டநடுவில் ஒன்று இருக்கிறது. அது எதையோ தாங்குவதாகக் கட்டியவர் சொன்னார், நம்பியிருக்கிறேன். மற்றபடி அதில் காலண்டர் தொங்குகிறது, பிழைதிருத்துபவர் சாய்ந்து தூங்குகிறார், புதிதாக வருகிறவர்கள் நெற்றியை இடித்துக்கொள்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர் தாலி கட்டுவதைப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. கெட்டிமேளச் சத்தத்தை வைத்து ஊகித்து, அட்சதையைத் தூணின் மேலேயே போட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். குடும்பத்தின் தூண் என்று பெயரெடுத்த பல தந்தையருக்கு வாழ்நாளில் கிடைப்பது அந்த அட்சதைதான். யாருக்கோ போடப்பட்டது.

பிலிப்பைன்ஸ்காரர்களின் தூணை இதில் சேர்க்கக் கூடாது. தந்தையை அவர்கள் 'ஹாலிகி நாங் தஹானான்' என்கிறார்கள். அந்த ஹாலிகியைப் புரிந்துகொள்ள 'பாஹய் குபோ' என்கிற அவர்களுடைய பழைய வீட்டைப் பார்க்க வேண்டும். மரக் கால்களையோ மூங்கில் கால்களையோ நட்டு, ஆள் புகுந்து வருகிற உயரத்துக்குத் தரையைத் தூக்கி, மேலே நிப்பா என்னும் சதுப்புநிலப் பனையின் ஓலையை வேய்ந்திருப்பார்கள். புயலும் வெள்ளமும் ஆண்டுதோறும் வருகிற தேசம். கால் சாய்ந்தால் அடுப்பு, பாய், பிள்ளை எல்லாம் சேற்றில். அங்கே தூண் காலண்டர் மாட்டுவதற்கு அன்று.

தாய் 'இலாவ் நாங் தஹானான்', அதாவது வீட்டின் விளக்கு. இந்த உவமையை நம் புறநானூறும் சொல்லியிருக்கிறது: 'மனைக்கு விளக்கு'. பெண்ணை விளக்கு என்று சொல்லிவிட்டால் யாரும் எண்ணெய்க் கணக்கு கேட்பதில்லை. அது இரு நாட்டாருக்கும் வசதியாக இருந்திருக்கிறது.

சட்டமும் தூண் பக்கம்தான். 1987-இல் அங்கே வந்த குடும்பச் சட்டம், பிள்ளைகள் மீது தாய்க்கும் தந்தைக்கும் கூட்டு அதிகாரம் என்று அழகாகத் தொடங்கி, இருவருக்கும் கருத்து வேறுபட்டால் தந்தையின் முடிவே செல்லும், வேண்டுமானால் நீதிமன்றம் மாற்றலாம் என்று முடிக்கிறது. கையெழுத்திட்டவர் அன்றைய அதிபர் கொரசோன் அக்கினோ, ஐந்து பிள்ளைகளின் தாய். ஆனால் சம்பளம் வந்ததும் அதை அப்படியே மனைவி கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டு நிற்கிற கணவன்மார் அங்கே நிறையப் பேர். அவர்களைக் கேலி செய்ய ஒரு தொடர் இருக்கிறது: 'அண்டர் தெ சாயா', பாவாடைக்கு அடியில். 'அண்டர்' அமெரிக்கர்கள் விட்டுப்போன ஆங்கிலம், மீதி ஸ்பானியர்கள் விட்டுப்போனது. பெண்டாட்டிக்கு அடங்கியவனைத் திட்ட, ஆண்டுவிட்டுப் போன இருவருமாகச் சேர்ந்து சொல் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது விளக்கு வேறு எங்கோ எரிகிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஏறக்குறைய 20 இலட்சம் பேர், அதில் பாதிக்கு மேல் பெண்கள். ஹாங்காங்கில் ஞாயிற்றுக்கிழமை போனால், வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் நடைபாலங்களில் அட்டையை விரித்து உட்கார்ந்து, ஊரிலுள்ள பிள்ளையிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். சோப்பும் சாக்லேட்டும் காலணியும் அடைத்த பெட்டி கப்பலில் போகும். பணம் அதற்கு முன்பே போய்விடும். கூரையைத் தாங்குவது அந்தப் பணம். ஊரில் சோறு வடிப்பது அப்பாவோ பாட்டியோ சித்தியோ. ஆனாலும் தூண் அவரே, விளக்கு இவளே. மரபுத்தொடருக்குப் பாஸ்போர்ட் கிடையாது, வீட்டைவிட்டு நகராது.

கடைசியாக ஒன்று. பெற்றோருக்குத் தகலோக்கில் 'மகூலாங்'. அதே எழுத்துகளை அழுத்தம் மாற்றி 'மகுலாங்' என்றால் அடுத்தவனை ஏமாற்றிப் பிழைக்கும் எத்தன். சாதாரண அச்சில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதை எங்கள் பிழைதிருத்துபவரிடம் வியந்து சொன்னேன். "அப்படியானால் திருத்த வேண்டியதில்லை" என்று தூணில் மறுபடியும் சாய்ந்துகொண்டார்.